ரயில் எப்போது வரும், ஐயா?
வாசகர் கேள்விகளுக்குப் பேருந்து நேர அட்டவணை போட்டு ஓய்வுபெற்றவரின் பதில்கள்

சிங்கப்பூரின் புதுநகரான தெங்காவில் சாவி வாங்கிக் குடிவந்துவிட்டோம். ரயில் பாதைக்குத் தூண் எழும்புகிறதே தவிர ரயிலைக் காணோம். காலையில் பஸ்ஸில் ஏற முடியவில்லை. மாமியாரைத் தேக்காவுக்கு அழைத்துப் போனால் அரை நாள் போய்விடுகிறது. முதலில் ரயிலை விட்டுவிட்டு அப்புறம் வீடு கட்டியிருக்கக் கூடாதா?
– வாசகி, தெங்கா

அதையும் செய்து பார்த்தார்கள், அம்மா. 2003 ஜூனில் வடகிழக்கு ரயில் பாதை திறந்தபோது புவாங்கோக் நிலையம் கட்டி முடிந்து தயாராக இருந்தது. சுற்றிலும் போதுமான ஆட்கள் இல்லை என்று திறக்கவில்லை. ரயில் நிற்காமல் ஓடியது. 2005இல் ஓர் அமைச்சர் அந்த வட்டாரத்துக்கு வந்த நேரம், காசைக் கொட்டிக் கட்டிச் சும்மா கிடக்கிறது என்று கிண்டலடிக்க, யாரோ அட்டையில் வெள்ளை யானைகளை வெட்டிச் சாலையோரம் நிறுத்திவிட்டார்கள். காவல்துறை விசாரணை வரை போனது. 2006 ஜனவரியில் ஒருவழியாகத் திறந்தார்கள். அதே பாதையில் உட்லீ நிலையத்துக்கு 2011 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால், முன்கூட்டிக் கட்டிப் பூட்டி வைப்பதே மேல். ஓடுகிற பாதையில் புது நிலையம் செருகுவது பெரும்பாடு. செம்பவாங்குக்கும் ஈசூனுக்கும் நடுவே 2019இல் திறந்த கென்பரா நிலையத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்; தண்டவாளத்தை ஒட்டிய வேலைக்குக் கடைசி ரயில் போன பிறகு கிடைக்கும் சில மணி நேரம்தான். அதுவும் தரைக்கு மேலே இருக்கும் பாதை. சுரங்கமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜூரோங் வட்டார ரயில் பாதை 2027, 2028, 2029 என்று மூன்று கட்டமாகத் திறக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். தெங்கா நிலையம் முதல் கட்டத்தில் வருகிறது. தெங்கா பிளான்டேஷன், தெங்கா பார்க் இரண்டும் அடுத்த கட்டம். ஒரே பேட்டைக்குள் ஒருவருக்கு ஒரு வருடம் முந்தி, இன்னொருவருக்குப் பிந்தி. நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதவில்லையே!

அதுவரை பஸ்தான். அதன் கணக்கைச் சொல்கிறேன். நான் சோறு தின்ற கணக்கு. ஒரு பஸ் புறப்பட்டு, சுற்றி வந்து, ஓட்டுநர் கொஞ்சம் இளைப்பாறி, மறுபடி புறப்பட 60 நிமிடம் என்று வையுங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட 6 வண்டி வேண்டும். 6 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 10 வண்டி. கூடுதல் நாலு வண்டியும் அவற்றுக்கான ஓட்டுநர்களும் காலை நெரிசலுக்குத்தான் தேவை. பதினோரு மணிக்கு அந்த வண்டிகள் காற்றை ஏற்றிக்கொண்டு ஓடும். அதனால்தான் கேட்டவுடன் கிடைப்பதில்லை. ஆனால் நாலு வண்டி கேட்காமலே ஒரு வழி உண்டு. முதல் நிறுத்தங்களிலேயே நிரம்பிவிடும் தடத்தில், பாதி வழியிலிருந்து ஒரு காலி வண்டியைக் கிளப்பலாம். அதற்கு அட்டவணைக்காரனுக்கு விவரம் வேண்டும். “ஒரே கூட்டம்” என்று எழுதினால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. எந்த பஸ், எந்த நிறுத்தம், எந்தக் கிழமை, 7.10க்கு வந்த வண்டி கதவைத் திறந்ததா இல்லையா என்று நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுங்கள்.

மாமியாருக்கு: எப்படியாவது புக்கிட் பாஞ்சாங் வந்துவிட்டால், டவுன்டவுன் ரயில் பாதையில் ஏறி, தேக்காவை ஒட்டிய லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கலாம். நடுவில் மாற வேண்டாம். ஜூரோங் ஈஸ்ட் வழி போனால் ஊட்ரம் பார்க்கில் இன்னொரு ரயில் மாற வேண்டியிருக்கும். காய்கறிப் பையோடு அது சரிப்படாது.

வாசலில் ரயில் வந்துவிட்டது என்று பஸ்ஸைக் குறைக்கிறார்கள். இது என்ன நியாயம்?
– வாசகர், அப்பர் தாம்சன்

167ஆம் எண் பஸ்ஸைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் வந்த பிறகு அதை 2023 டிசம்பரில் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். மக்கள் சத்தம் போட்டதும், நிறுத்தாமல் அரை மணிக்கு ஒன்றாக ஓட்ட முடிவுசெய்தார்கள்.

மேலே சொன்ன கணக்கின் மறுபக்கம் இது. இங்கே மிச்சமாகும் வண்டி இன்னொரு புதுப் பேட்டைக்குப் போகலாம். அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் ரயிலும் பஸ்ஸும் ஒரே சாலையில் போவதாலேயே ஒரே வேலையைச் செய்வதாக நினைக்கக் கூடாது. பஸ் சில நூறு மீட்டருக்கு ஒருமுறை நிற்கும். முழங்கால் வலிக்காரருக்குக் கோப்பிக் கடை வாசலில் இறங்குவதும் நிலையத்திலிருந்து நடந்து வருவதும் ஒன்றா? அரை மணிக்கு ஒன்று என்பது என் கண்ணில் பாதி நிறுத்தியதுதான். இத்தனை நேரம் காத்திருக்க யாரும் வரமாட்டார்கள், அப்புறம் ஆளே ஏறவில்லை என்று எண்ணிக்கை காட்டும்.

சிங்கப்பூரில் எம்ஆர்டியே வந்திருக்காது, பஸ் மட்டும்தான் இருந்திருக்கும் என்கிறார் அப்பா. உண்மையா?
– மாணவர், தோ பாயோ

உண்மைதான், தம்பி. நாட்டின் நிலத்தை எதெதற்குப் பயன்படுத்துவது என்று வகுத்த 1971இன் கருத்துத் திட்டத்திலேயே நடு நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சுற்றிப் புதுநகர்களை வைத்து, அவற்றை ரயில் இணைக்கலாம் என்று வழி ஒதுக்கினார்கள். ஆனால் 500 கோடி வெள்ளி கொட்டுவதா என்று பெரிய வாக்குவாதம். 1980இல் ஹார்வர்ட் வல்லுநர்கள் பஸ் மட்டுமே போதும் என்றார்கள். அப்போது தொடர்புத்துறை அமைச்சராக இருந்த ஓங் டெங் சியோங் ரயிலுக்காக விடாமல் வாதாடினார். 1982இல் முடிவானது. 1987 நவம்பர் 7இல் இயோ சூ காங்கிலிருந்து உங்கள் தோ பாயோ வரை ஐந்து நிலையங்களோடு ஓடத் தொடங்கியது.

ஸ்டீவன்சுக்கும் கால்டிகாட்டுக்கும் நடுவில் ரயில் நிற்காமல் தாண்டும் நிலையம் எது?
– வாசகி, உட்லண்ட்ஸ்

மவுண்ட் பிளசண்ட். பழைய காவல்துறைப் பயிற்சிக்கழகம் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் வரப்போகின்றன. அங்கே ஆள் குடிவரும்போது கதவு திறக்கும்.