தண்ணீர் வைத்தும் பறவை இறங்கவில்லையா?

வாசகர் கேள்வி: வீட்டுப் பின்புறம் பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் தண்ணீர் வைத்து இரண்டு மாதமாகிறது. பக்கத்திலேயே தானியமும் போடுகிறேன். தானியத்தைத் தின்ன வரும் பறவைகள் தண்ணீரில் இறங்குவதே இல்லை. போன வாரம் மரத்தடியில் ஒரு குருவிக் குஞ்சு கிடந்தது. எடுப்பதா, விடுவதா என்று தெரியவில்லை. அக்கம்பக்கத்துப் பறவைகளுக்கு உருப்படியாக நான் என்னதான் செய்யலாம்?

பதில்: முதலில் அந்த பேசினை மாற்றுங்கள். சின்னப் பறவை காலை ஊன்றி நின்றுதான் குளிக்கும். தண்ணீர் வயிற்றுக்கு மேல் போனாலோ, அடியில் கால் வழுக்கினாலோ அது இறங்காது. பேசினின் சுவர் செங்குத்தானது, வழவழப்பானது. தப்பித் தவறி விழும் குஞ்சோ அணிலோ ஏறி வர முடியாமல் மூழ்கிவிடும்.

30 முதல் 40 செ.மீ. அகலமுள்ள, சொரசொரப்பான மண் தட்டு போதும். ஓரத்தில் 2 செ.மீ., நடுவில் அதிகபட்சம் 5 செ.மீ. ஆழம். வேறு தட்டு கிடைக்காவிட்டால் அதே பேசினில் செங்கல் துண்டும் கூழாங்கல்லும் போட்டு ஆழத்தைக் குறைத்துவிடலாம். ஒன்றிரண்டு கற்கள் தண்ணீருக்கு மேலே தலைநீட்டட்டும். தேனீக்களும் வந்து உட்கார்ந்து குடிக்கும்.

அடுத்தது இடம். நனைந்த பறவையால் வேகமாகப் பறக்க முடியாது. அதனால் புதருக்கு ஒட்டினாற்போல் தட்டை வைத்தால் பூனை பதுங்கிப் பாய வசதியாகிவிடும். வெட்டவெளியில் வைத்தால் குளித்துவிட்டு ஒதுங்கக் கிளை இருக்காது. புதரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, பிற்பகல் வெயில் படாத இடமே சரி. பறவைகள் வழக்கமாக உட்காரும் கிளைக்கு நேர் கீழே வேண்டாம், எச்சம் தண்ணீரில் விழும். தானியத்தையும் நான்கைந்து அடி தள்ளிப் போடுங்கள். இடம் மாற்றிய பிறகு இரண்டு மூன்று வாரம் தட்டை நகர்த்தாதீர்கள். அதற்கும் வரவில்லை என்றால் மேலே ஒரு பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, மூடியில் ஊசித்துளை போட்டுச் சொட்டவிடுங்கள். தேங்கிய தண்ணீரைவிடச் சொட்டும் தண்ணீரின் சத்தமும் அசைவும் பறவைகளைச் சீக்கிரம் இழுக்கும்.

தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். வெறுமனே கொட்டிவிட்டு நிரப்பினால் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். அந்த முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். கெட்டியான பிரஷ்ஷால் உட்சுவரைத் தேய்த்தால்தான் அவை போகும். வாரம் ஒருமுறை ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசி, வெயிலில் காயவைத்துவிட்டு நிரப்புங்கள். இறகை உப்பவைத்துக்கொண்டு, கண் சொருகி, கிட்டே போனாலும் பறக்காத பறவையைப் பார்த்தால் தட்டையும் தானியத்தையும் இரண்டு வாரமாவது எடுத்துவிட வேண்டும். சால்மோனெல்லா போன்ற தொற்றுகள் பறவைகள் கூடும் இடத்தில்தான் வேகமாகப் பரவுகின்றன.

தானியம் ஒரே நாளில் தீரும் அளவுக்கு மட்டும் போதும். ஈரப்பட்டுப் பூஞ்சணம் பிடித்தது பறவையின் நுரையீரலைக் கெடுக்கும். உண்மையில் தானியத்தைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு முதல் சில நாட்கள் பெரும்பாலும் புழு பூச்சிகளைத்தான் ஊட்டும். பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் எவ்வளவு தானியம் இறைத்தாலும் அந்தக் குஞ்சு பட்டினிதான். ஒரு மூலையில் சருகைக் கூட்டாமல் விடுங்கள், உங்கள் மண்ணுக்கே உரிய செடிகளை நடுங்கள். எலி விஷமும் வேண்டாம். விஷம் தின்ற எலியைப் பிடிக்கும் ஆந்தையும் சாகும்.

இனி அந்தக் குஞ்சு. உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போனதென்றால் அது பறக்கப் பழகும் குஞ்சு. அநாதை இல்லை. தாயும் தந்தையும் பக்கத்திலேயே இருந்து ஊட்டும். நீங்கள் கிட்டே நிற்கும்வரை வராது. பூனை, நாய், வண்டி ஆபத்து இருந்தால் மட்டும் பக்கத்துப் புதரில் ஏற்றிவிட்டு, ஒரு மணி நேரமாவது தூரத்திலிருந்து கவனியுங்கள். இறகே இல்லாத, கண் திறக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே திருப்பி வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. கூடே விழுந்திருந்தால் அடியில் துளையுள்ள சிறு கூடையில் அதைப் பொருத்தி அதே மரத்தில் கட்டலாம்.

ரத்தம், தொங்கும் இறக்கை, பூனைக் கடி ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே எடுக்க வேண்டும். பூனை கவ்வியது தெரிந்தால், காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அதன் வாயிலுள்ள பாக்டீரியா ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, சத்தமில்லாத கதகதப்பான இடத்தில் வைத்துக் கால்நடை மருத்துவரையோ வனத்துறையையோ அழையுங்கள். பால் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே இருப்பதால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். நல்ல மனசோடு செய்யும் இந்த ஒரு காரியத்தால் சாகும் குஞ்சுகள் ஏராளம். காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பது பல நாடுகளில் சட்டப்படியும் குற்றம்.

பறவைகள் வரத் தொடங்கியதும் ஜன்னல் கண்ணாடியையும் கவனியுங்கள். அதில் தெரியும் மரத்தின் பிம்பத்தை நிஜமென்று நம்பி மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ ஒட்ட வேண்டும். ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை.

பார்ப்பதற்கு 8x42 பைனாகுலர் நன்று: எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 மி.மீ. முகப்பு வில்லை அந்திவெளிச்சத்திலும் தெளிவு தரும். தினமும் 15 நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து, கண்ணில் பட்ட எல்லா இனங்களையும், எத்தனை என்பதையும் பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் பதியுங்கள். காக்கையையும் விடாதீர்கள். அரியதை மட்டும் எழுதினால், சாதாரணமாகக் காணும் பறவை குறைந்துவருவது யார் கண்ணுக்கும் படாது. பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்புக்கும் இதே பதிவு போதும். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டின் படத்தை மட்டும், இடம் தெரியும்படி எங்கும் போட வேண்டாம்.