பூனைக்கு ஒரு தொட்டிச் செடி: அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, எங்க வீட்டுல ரெண்டு பூனை நிக்கி. கேட்னிப் செடியப் பாத்தா பூனை அப்படி உருளும்னு வீடியோல பாத்துட்டு ஆன்லைன்ல விதை வாங்கி, சித்திரை மாசம் மொட்டைமாடித் தொட்டியில அரை விரல் ஆழத்துல போட்டு ரெண்டு நேரமும் தண்ணி ஊத்துனேன். மாசம் ஒண்ணாச்சு, ஒண்ணுகூட முளைக்கல. விதை டூப்ளிகேட்டா இருக்குமோ?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: விதைய இப்பவே குத்தம் சொல்லாதீங்க தாயி. சித்திரையில நம்ம ஊரு மொட்டைமாடியில கால் வைக்க முடியுமா? அந்தச் சூட்டுல, அவ்வளவு பொடி விதைய அரை விரல் ஆழத்துல புதைச்சா அது எப்படி மேல வரும், வந்தாலும் ஒரு மத்தியானத்துல கருகிரும். கேட்னிப்புங்கிறது நம்ம துளசி, புதினா, தும்பை குடும்பம்தான், ஆனா பிறந்த இடம் ஐரோப்பா, மேற்கு ஆசியா பக்கம், அதனால குளிரு தாங்கும், நம்ம கோடையத் தாங்காது.

மிச்ச விதை இருந்தா காத்து போகாம கட்டி ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஐப்பசி மழை கொட்டி ஓயட்டும், கார்த்திகை கடைசியிலயோ மார்கழியிலயோ எடுங்க. விதைத்தோலு கெட்டி, அதனால ஒரு ராத்திரி ஃப்ரீஸர்ல வச்சு, அடுத்து 24 மணி நேரம் தண்ணில ஊறப்போட்டா சீக்கிரம் முளைவிடும். செம்மண், மணல், மண்புழு உரம் மூணையும் கலந்து, அடியில ஓட்டை இருக்கிற தொட்டியில நிரப்பி, விதைய மேலாப்ல தூவி, மேல ஒரு சிட்டிகை மணல் போதும். குவளையால ஊத்தாதீங்க, விதை ஒரு மூலைக்கு ஓடிரும், ஸ்ப்ரேயர்ல தெளிங்க. ஒரு வாரத்துலேருந்து ரெண்டு வாரத்துக்குள்ள ரெண்டு இலை எட்டிப் பாக்கும்.

இனிமேதான் முக்கியம். பூனைக்கு ஈர மண்ணுன்னா கக்கூஸ்னு நினைப்பு, அதனால தொட்டிமேல கம்பி வலையோ பழைய கொசுவலையோ கட்டிருங்க. இன்னொண்ணு, இலை கசங்குனாத்தான் வாசம் கிளம்பும், அந்த நெபெட்டலாக்டோன்ங்கிற எண்ணெய்தான் பூனையக் கூப்பிடுது. நாத்தப் பிடுங்கி வேற தொட்டிக்கு மாத்தும்போது கை பட்டு இலை கசங்குதுல்லா, அன்னைக்கே பூனை வந்து படுத்து நசுக்கிரும். விதைச்ச இடத்துலயே வளரவிட்டு, நெருக்கமா இருக்கிறத மட்டும் கத்திரியால வெட்டி விடுங்க. நாலஞ்சு ஜோடி இலை வந்ததும் நுனியக் கிள்ளுனா கிளை அடிக்கும். மாசி பிறந்ததும் கிழக்கு வெயில் மட்டும் விழுற எடத்துக்கு மாத்திருங்க.

அதுவரைக்கும் உங்க பூனை ஏங்க வேண்டாம். வேலி ஓரத்துல குப்பைமேனி கிடக்கும்லா, அதுக்குப் பூனைவணங்கின்னே ஒரு பேரு உண்டு, எவ்வளவு அழகான பேரு பாருங்க! வேரோட பிடுங்கிப் போட்டுப் பாருங்க, அந்த வேருல நெபெட்டலாக்டோனுக்கு நெருங்குன சொந்தமா ஒரு பொருள் இருக்கு, பூனை அதுல தலையத் தேச்சு உருளும். நம்ம பெரியவங்க பூனையக் கவனிச்சுப் பேரு வச்சிருக்காங்கன்னு நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறையுது. உருள மட்டும் விடுங்க, தின்னக் குடுக்காதீங்க.

கேள்வி: என் கேட்னிப் செடி முழங்கால் உயரம் வந்துட்டு அண்ணாச்சி, ஆனா என் குட்டி மோந்துகூடப் பாக்க மாட்டேங்கு. செடியில கோளாறா?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: குட்டிக்கு என்ன வயசுன்னு எழுதலையே தம்பி. மூணு மாசத்துக்கு உள்ள இருந்தா தெரியாது, ஆறு மாசம் வரைக்கும் பொறுத்துப் பாருங்க. வளந்த பிறகும் சும்மா இருந்தா அது தாய் தகப்பன் வழி வந்த குணம், மூணுல ஒரு பூனை அப்படித்தான், அதுக்காக செடியப் பிடுங்கிப் போட்றாதீங்க. ஈடுபடுற பூனையே பத்து நிமிஷம் உருண்டுட்டு எந்திரிச்சுப் போயிரும், அப்புறம் ஒரு மணி நேரமாவது திரும்பிப் பாக்காது. ரொம்பத் தின்னா வாந்தி எடுக்கும், ரெண்டு மூணு இலை போதும். பூ வர்ற சமயம் தண்டோட வெட்டி நிழல்ல தலைகீழாத் தொங்கவிட்டுக் காயவச்சு, மூடி இறுக்கமான டப்பாவுல போட்டு வைங்க, பக்கத்து வீட்டுப் பூனைக்காவது ஆகும்.