புயல் ஓய்ந்தபின் வெள்ளம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தென்பெண்ணைக் கரையில் குடியிருக்கிறோம். புயல் கரை கடந்து வெயிலும் அடித்துவிட்டால் முகாமிலிருந்து வீடு திரும்பலாமா? – வாசகி, கடலூர்

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் வாசலுக்கு வரும் தண்ணீர் உங்கள் ஊரில் பெய்ததாக இருக்க வேண்டியதில்லை. 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. காற்று தணிந்தாலும் மழை உள்மாவட்டங்களுக்கு நகர்ந்தது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரு வீடு புதைந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது. அந்த வட்டாரத்துத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் கலந்து சாத்தனூர் அணைக்குத்தான் வரும். டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, விழுப்புரம், கடலூர் கரையோர ஊர்கள் மூழ்கின. கரை கடந்து ஒரு நாளுக்கும் மேல் ஆன பிறகு!

ஆகவே உங்கள் ஊர் வானத்தைப் பார்க்காமல் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மழையளவையும் சாத்தனூர் வெளியேற்றத்தையும் பாருங்கள். கடல் கொந்தளிப்பாக இருந்தால் முகத்துவாரத்தில் ஆற்று நீர் வடியாமல் எதிர்த்து நிற்கும். அப்போது குறைந்த வெளியேற்றமே ஊருக்குள் புகப் போதும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில அளவில் 1070. கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: கீழே ஓட்டு வீடு, மாடியில் சிமென்ட் ஷீட் அறை. புயலின்போது எங்கே இருப்பது? – வாசகர், பண்ருட்டி

பதில்: காற்றுக்குக் கீழ்த்தளம், வெள்ளத்துக்கு மேல்தளம் என்பது வழக்கம். உங்கள் வீட்டில் இரண்டும் உதவாது. மாலைக்குள் கான்கிரீட் கட்டடம் ஒன்றுக்குப் போய்விடுங்கள். இருட்டில், விழுந்த மரங்களுக்கும் ஓடும் தண்ணீருக்கும் நடுவே போவதுதான் பெரிய ஆபத்து.

ஷீட்டைக் காற்று அழுத்தி உடைப்பதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதே அதிகம். ஓரமும் முகடும் முதலில் பிய்யும். அங்கே ஷீட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ஜே போல்ட்டுகளை நெருக்கிப் போடுங்கள்; வாஷர் இற்றுப்போயிருந்தால் மாற்றுங்கள். கல் ஏற்றி வைக்கிற பழக்கம் வேண்டாம், பறந்து போய் அடுத்த வீட்டில்தான் விழும். முன்பே மழையில் ஊறிய மண் வேரைப் பிடிக்காது. காய்ந்த மண்ணில் பலத்த காற்றைத் தாங்கிய மரம், ஊறிய மண்ணில் அதைவிடக் குறைந்த காற்றிலேயே சாயும். எனவே வீட்டருகே பலா மரம் இருந்தால் அதன் கிளைகளை மழைக்காலம் தொடங்குமுன்பே கழித்துவிடுங்கள். உச்சியை மட்டும் மொட்டையடிக்காமல், காற்று புகுந்து போகிற மாதிரி நடுநடுவே எடுக்க வேண்டும்.

கிளம்பும்போது மெயின் சுவிட்சோடு இன்வெர்ட்டரையும் அணைத்து பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கரண்ட் போய்விட்டது என்று நம்பித் தண்ணீரில் இறங்குகிறவருக்கு இன்வெர்ட்டர் வழியே ஷாக் அடிக்கலாம்.

கேள்வி: வெள்ளம் புகுந்த கிணற்றில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடுவது? – வாசகி, விழுப்புரம்

பதில்: கலங்கல் நீரில் போட்டால் குளோரின் சேற்றோடு போராடியே தீர்ந்துவிடும். முதலில் இறைத்துவிட்டு ஊற விடுங்கள். பிறகு விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் (மீட்டரில்) × 0.785, வருவது கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் கணக்கு. 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீர் என்றால் ஏறத்தாழ 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்பது சாதாரண அளவு. வெள்ளத்துக்குப் பின் இரட்டிப்பாக்கி சுமார் 50 கிராம் போடலாம். பவுடரை அப்படியே தூவாதீர்கள். வாளியில் குழம்பாக்கி, நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குளோரின் அளவைச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி போடுங்கள். போன வருடம் பிரித்த பாக்கெட்டில் வீரியம் இருக்காது.

கேள்வி: புயல் எச்சரிக்கையைப் போல சுனாமிக்கும் இரண்டு நாள் முன்பே தெரியுமா? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தெரியாது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா நிலநடுக்கத்துக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை இங்கே வந்தது. இப்போது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையம் எச்சரிக்கிறது. ஆனால் எச்சரிக்கை வருமுன்பே கடல் வழக்கமில்லாமல் உள்வாங்கினால், சாமான் கட்டிக்கொண்டிருக்காமல் மேட்டுக்கோ உறுதியான மாடிக்கோ ஓடுங்கள். முதல் அலையே பெரியது என்று இல்லை. வடிந்ததும் படகைப் பார்க்கக் கரைக்கு இறங்காதீர்கள்.