துடுப்பு ஒடிந்த இடத்தைப் பாருங்கள்

கேள்வி: எஸ்டெஸ் நிறுவனத்தின் மாதிரி ராக்கெட் கிட்டில் மகளும் நானும் செய்த ராக்கெட், ஏவுகம்பியை விட்டதுமே சாய்ந்து குட்டிக்கரணம் போட்டது. விழுந்ததில் ஒரு துடுப்பு போய்விட்டது. எங்கே தவறு? (டாலஸ் வாசகி)

பதில்: ஒடிந்த இடத்தை முதலில் பாருங்கள். பால்சா மரத்தின் ரேகை, துடுப்பின் முன்விளிம்பை ஒட்டி ஓட வேண்டும். குழாயின் நீளவாக்கில் ஓடினால் துடுப்பு அடியோடு பிளக்கும். பலகையில் அச்சு வைத்து நீங்களே வெட்டியிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மரம் உடையாமல் துடுப்பு அப்படியே கழன்றிருந்தால் பசையில் கோளாறு. குழாயின் மேல் வழவழப்பான பூச்சு உண்டு. துடுப்பு உட்காரும் கோட்டில் அதை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்குங்கள். வெள்ளைப் பசையைத் துடுப்பின் அடியிலும் குழாயிலும் மெல்லிசாகத் தடவி ஐந்து நிமிடம் காயவிடுங்கள். பிறகு துடுப்பில் இன்னொரு கோடு தடவி அழுத்தினால் சில நொடிகளில் கவ்விக்கொள்ளும். உடனடிப் பசை வேண்டாம். அது காய்ந்தபின் மொறுமொறுப்பாகி அடியில் தெறிக்கும். எல்லாம் இறுகியதும் இரு பக்க மூலையிலும் பசையை விட்டு விரல்நுனியால் வழித்து, ராக்கெட்டைப் படுக்கவைத்தே காயவையுங்கள். நிறுத்திவைத்தால் பசை கீழே வழிந்துவிடும்.

குட்டிக்கரணத்துக்குக் காரணம் வேறு: வால் கனம். மோட்டாரையும் (ராக்கெட்டை உந்தும் மருந்துக் குழல்) பாராசூட்டையும் வைத்தபின், ராக்கெட் விரலில் சமநிலையாக நிற்கும் இடத்தில் நூலைக் கட்டி டேப்பால் ஒட்டுங்கள். இரண்டரை மீட்டர் நூலில் தலைக்கு மேல் சுற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் பறக்கவிடலாம். வால் முந்தினாலோ புரண்டாலோ மூக்குக் கூம்புக்குள் களிமண்ணை அடைத்து மறுபடி சுற்றிப் பாருங்கள். இந்தச் சோதனையில் தேறாத ராக்கெட்டைத் தயவுசெய்து ஏவாதீர்கள்.

கேள்வி: மோட்டார் தாங்கியின் வளையம் குழாய்க்குள் பாதியிலேயே ஒட்டிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை.

பதில்: பசையின் ஈரத்தில் அட்டை ஊதிவிடும், அதுதான் பிடி. பசையை வளையத்தில் தடவாமல், அது போய் நிற்க வேண்டிய இடத்தில் குழாயின் உள்ளே குச்சியால் தடவுங்கள். எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே பென்சிலில் குறித்துக்கொண்டு, நிற்காமல் ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். நடுவில் மூச்சுவிடும் நேரம் நிறுத்தினாலும் பிடித்துவிடும். இப்போது சிக்கியதை இழுத்தால் குழாய் கிழியும். புதுக் குழாய் வாங்குவதே மேல்.

கேள்வி: பாராசூட் உருகிக் கட்டியாகி விழுந்தது. ஏன்?

பதில்: மோட்டார் முடியும்போது முன்பக்கமாக வெடித்து வரும் சூடான வாயுதான் பாராசூட்டை வெளியே தள்ளுகிறது. இடையில் தீப்பிடிக்காத காப்புத்தாள் மூன்று நான்கைக் கசக்கித் தளர்வாக வைக்க வேண்டும். சாதாரண டிஷ்யூ எரிந்துகொண்டே புல்லில் விழும், ஆபத்து. இறுக்கி அடைத்தாலும் கூம்பு கழலாது. பாராசூட்டில் டால்கம் பவுடர் தூவி, ஏவுவதற்குச் சற்று முன்புதான் மடியுங்கள். நேற்றே மடித்தது விரியாது.

கேள்வி: மோட்டாரின் மேல் உள்ள சி6-5 என்றால் என்ன?

பதில்: 'சி' மொத்த உந்தத்தைக் குறிக்கும், 10 நியூட்டன்-நொடி வரை. ஒவ்வோர் எழுத்துக்கும் அது இரட்டிக்கும். 6 சராசரி உந்துவிசை, நியூட்டனில். 5 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட் வெளியே வரும் வரையான நொடிகள். சிறிய மைதானத்தில் முதல் முறை என்றால் ஏ8-3 போதும். சி-யில் காற்று ராக்கெட்டைக் கண்ணுக்கு எட்டாத தூரம் கொண்டுபோய்விடும். பொத்தானை அழுத்தியும் பற்றாவிட்டால் ஏவுபெட்டியின் பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு 60 நொடி கழித்தே அருகில் செல்லுங்கள்.

கேள்வி: அக்கா அமெரிக்காவிலிருந்து கிட் கொண்டுவருகிறார். மோட்டாரும் கேட்கலாமா? இல்லையென்றால் வீட்டிலேயே செய்துகொள்ளலாமா? (மதுரை வாசகர்)

பதில்: இரண்டும் கூடாது. மோட்டாருக்குள் இருப்பது கருமருந்து. விமானப் பயணப் பெட்டியில், கைப்பையில் எதிலும் அதற்கு அனுமதி இல்லை. இந்தியாவில் வெடிபொருள் செய்யவும் வைத்திருக்கவும் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் பொருந்தும். சட்டம் கிடக்கட்டும், மருந்தை இடிக்கும்போதே விரல் போகும். கிட்டை மட்டும் கேளுங்கள். 18 மில்லிமீட்டர் தடிமனும் 70 மில்லிமீட்டர் நீளமும் உள்ள மரத்துண்டைக் குடைந்து ஈயக்குண்டு வைத்து 24 கிராம் ஆக்கினால் சி6 மோட்டாரின் எடை கிடைக்கும். அதை வைத்து நூல் சோதனை வரை எல்லாமே செய்யலாம்.