68 என்றால் 46-ஐ விட உசத்தியா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் சொந்தமாக ஒரு செயின் அறுவடை மெஷின் ஓட்டுகிறேன். சம்பா அறுப்புக்கு முன்னால் ஹைட்ராலிக் ஆயில் மாற்ற வேண்டும். கையேட்டில் 46 என்று போட்டிருக்கிறது. கடைக்காரர், "68தான் உசத்தி, இல்லையென்றால் 15டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலே போதும்" என்கிறார். பேரலில் லூஸ் ஆயிலும் விலை குறைவாகக் கிடைக்கிறது. எதை வாங்குவது?

பதில்: கையேட்டில் உள்ளதை வாங்குங்கள். 46, 68 என்பவை தரத்துக்குப் போட்ட மார்க் இல்லை, கெட்டித்தன்மையின் அளவு. 'ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 46' என்றால் 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் விஸ்காசிட்டி, அதாவது கெட்டித்தன்மை, 46 சென்டிஸ்டோக் (அதை அளக்கும் அலகு). 10 சதவீதம் முன்பின் இருக்கலாம். தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தால் விடிகாலையில் பம்ப் எண்ணெயை இழுக்கத் திணறி அலறும். ரொம்ப இளகலாக இருந்தால் சூடேறியதும் உள்ளுக்குள்ளேயே கசியும். முன்னால் கதிரை அறுக்கும் கட்டர் பார் மெதுவாகத் தூக்கும், பம்பும் தேயும். வெயில் காலத்துக்கு 68 போடலாம் என்று கையேடே சொன்னால் தாராளமாகப் போடுங்கள்.

15டபிள்யூ-40-இல் வரும் 40 வேறு கணக்கு. அது இன்ஜினுக்கான எஸ்.ஏ.இ. கிரேடு, 100 டிகிரி சூட்டில் அளந்து கொடுப்பது. அதே எண்ணெயை 40 டிகிரியில் அளந்தால் 100 சென்டிஸ்டோக்கைத் தாண்டிவிடும். அதாவது 68-ஐ விடவே கெட்டி! அப்புறம், இன்ஜின் ஆயிலில் அழுக்கை மிதக்கவிடும் மருந்து சேர்த்திருப்பார்கள். அது தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொள்ளும். நல்ல ஹைட்ராலிக் ஆயிலில் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும், வடித்துவிடலாம். சேற்றில் இறங்கும் டெல்டா மெஷினுக்கு இது முக்கியம். கேஜ் கண்ணாடியில் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துத் தெரிந்தால் தண்ணீர் ஏறிவிட்டது, உடனே மாற்றுங்கள்.

பக்கெட்டில் 'ஏ.டபிள்யூ.' அல்லது 'எச்.எம்.' என்று இருந்தால் தேய்மானத் தடுப்பு மருந்து சேர்ந்தது. 'எச்.வி.' என்றால் அதோடு, சூட்டுக்கு அவ்வளவாக இளகாதது. 'வி.ஐ.' (விஸ்காசிட்டி இண்டெக்ஸ்) எண் கூடக்கூட அந்தக் குணமும் கூடும்.

லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல ஆள் கிடையாது. சீல் உடையாத பக்கெட்டாக, எம்.ஆர்.பி., நிகர அளவு, தயாரித்த மாதம், கம்பெனி முகவரி எல்லாம் பார்த்து வாங்குங்கள். பில்லில் பிராண்ட், கிரேடு, பேட்ச் நம்பர் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எண்ணெய் மோசம் என்று பின்னால் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. மெஷினை வாடகைக்கு ஓட்டினால், நீங்கள் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டுமே ஓட்டுகிறவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

கேள்வி: பட்டுக்கோட்டையில் டிராக்டர் வைத்திருக்கிறேன். கலப்பையைத் தூக்கும் லிஃப்ட்டுக்கு இதே 68 ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றலாமா?

பதில்: லிஃப்ட், கியர், ஆயில் பிரேக் எல்லாம் ஒரே எண்ணெயில் ஓடுகிற வண்டி என்றால் கூடாது. அதற்கு 'யு.டி.டி.ஓ.' என்று எழுதிய டிராக்டர் எண்ணெய்தான் வேண்டும். வெறும் 68-இல் பிரேக் தட்டு சரியாகப் பிடிக்காமல் கத்தும், கியருக்கும் பாதுகாப்பு போதாது. லிஃப்ட்டுக்குத் தனி டேங்க் இருந்தால் மட்டும் கையேட்டைப் பார்த்துவிட்டு 68 வாங்குங்கள்.