கட்டியை எடுத்த பிறகும் கொலோனோஸ்கோபி எதற்கு?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்தில் மரம் சீவி ஓய்வுபெற்ற என் தந்தைக்கு வயது 64. பெருங்குடலின் இடப்பக்கத்தில் புற்றுக்கட்டி அடைத்துக்கொண்டதால் மூன்று மாதங்களுக்கு முன் அவசர அறுவை சிகிச்சை செய்தார்கள். சிடி ஸ்கேனில் நோய் பரவியதாகத் தெரியவில்லை. இப்போது கொலோனோஸ்கோபிக்கு, அதாவது ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனைக்கு, அழைக்கிறார்கள். “கட்டியைத்தான் எடுத்தாயிற்றே” என்று அப்பா மறுக்கிறார். அவசியமா?

பதில்: அவசியம், சகோதரி, தள்ளிப்போடவே வேண்டாம். வெட்டியெடுத்தது கட்டியிருந்த பகுதியையும் அதைச் சார்ந்த நிணநீர்க் கணுக்களையும் மட்டுமே. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் எஞ்சிய பகுதி அப்படியே இருக்கிறது. அடைப்பைத் தாண்டிக் குழாய் செல்ல வழியில்லாததால் அதன் உட்சுவரை இன்னும் எவரும் முழுமையாகப் பார்த்திருக்க முடியாது.

பெருங்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் மூன்று முதல் ஐந்து பேருக்கு அதே வேளையில் இன்னோர் இடத்திலும் புற்றுக்கட்டி இருக்கும். பின்னாளில் புற்றாக மாறக்கூடிய பாலிப் எனும் சதைவளர்ச்சிகளோ இதைவிடப் பலமடங்கு பேருக்கு உண்டு. அதனால்தான், அடைப்பு இல்லாதவர்களுக்கு அறுவைக்கு முன்பே குடல் முழுவதையும் பார்த்துவிடுகிறோம். இரண்டாவது கட்டி தெரிந்தால் அறுவையின் திட்டமே மாறும். அவசரமாக அறுவை செய்யப்பட்டவர்களுக்கு அந்தப் பரிசோதனையை மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் செய்வது வழக்கம். அப்பாவை அழைத்திருப்பது சரியான காலத்தில்தான்.

சிடி ஸ்கேன் கல்லீரல், நுரையீரல் முதலியவற்றில் பரவியிருக்கிறதா என்று காட்டும். குடல் மடிப்புக்குள் சில மில்லிமீட்டர் அளவில் இருக்கும் பாலிப்பை அது தவறவிடும். கொலோனோஸ்கோபியிலோ அதைக் கண்ட இடத்திலேயே கம்பி வளையத்தால் அகற்றி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வயிற்றில் மலப்பை பொருத்தியிருந்தாலும் தடையில்லை. மலம் வெளியேற வயிற்றில் அமைத்த அந்தத் துளையின் வழியாகவே குழாயைச் செலுத்த முடியும்.

குடல் சுத்தமாக இல்லாவிட்டால் பார்த்தும் பயனில்லை என்பதால், இரண்டு மூன்று நாள் கீரை, பருப்பு, கொய்யா போன்ற நாரும் விதையும் உள்ளவற்றைத் தவிர்த்து, பேதி மருந்தைச் சொன்னபடி முழுவதும் குடிக்கச் செய்யுங்கள். இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா? அது மலத்தைக் கருமையாக்கிப் பார்வையை மறைக்கும். எப்போது நிறுத்துவது என்று மருத்துவமனையில் கேளுங்கள். நீரிழிவு மருந்து, இரத்தம் உறையாமைக்கான மருந்து ஆகியவற்றையும் தவறாமல் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

எல்லாம் நலமாக இருந்தால் அடுத்த பரிசோதனை பொதுவாக ஓராண்டு கழித்து. நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் அறிகுறி இல்லாவிட்டாலும் 40 வயதில் பரிசோதனையைத் தொடங்க வேண்டும்; மலத்தில் இரத்தம் கண்டால் அந்த வயதுவரை காத்திருக்கக் கூடாது.