நவம்பரில் வருகிற அழுகை: ஜெர்மனியில் படிப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

திருச்சியிலிருந்து டோர்ட்முண்டுக்கு 2016 அக்டோபரில் முதுகலை படிக்க வந்தேன். இப்போது இங்கேயே வேலை. புதிதாக வந்த பிள்ளைகளும், ஊரிலிருந்து ஒரு அம்மாவும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: அக்கா, அக்டோபரில் வந்தேன். முதல் மாதம் ஜாலியாகப் போனது. இப்போது காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. நான் மட்டும்தான் இப்படியா?

இல்லை. முதல் மாதம் முகவரிப் பதிவு, வங்கி, காப்பீடு, சிம் கார்டு என்று ஓடிக்கொண்டே இருப்பீர்கள். வருத்தப்பட நேரம் ஏது? எல்லாம் முடிந்து அறையில் தனியாக உட்காரும்போதுதான் அது வந்து பிடிக்கும். கூடவே இருட்டும் வரும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். டிசம்பரில் இங்கே டோர்ட்முண்டில் காலை எட்டரைக்கு விடிந்து மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். வெயிலைத் திட்டியே வளர்ந்த நமக்கு இது மனசுக்கு முன்னால் உடம்புக்குத் தெரியும். மதியம் சாப்பிட்டதும் அரை மணி நேரம் வெளியே நடங்கள், மேகமாக இருந்தாலும் சரி.

இன்னொன்று. இந்த ஏக்கத்துக்கு ‘நாஸ்டால்ஜியா’ என்ற மருத்துவப் பெயர் கிடைத்ததிலேயே ஒரு மாணவனுக்குப் பங்கு உண்டு. 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் யோகான்னஸ் ஹோஃபர் எழுதிய ஆய்வேட்டில், பெர்னிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்து காய்ச்சலில் விழுந்த ஓர் இளைஞன் வருகிறான். ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். பாதி வழியிலேயே தேறிவிட்டானாம். இரண்டு ஊருக்கும் சாலை வழியே சுமார் நூறு கிலோமீட்டர்தான். நீங்கள் ஏழாயிரத்துக்கு மேல் தாண்டி வந்திருக்கிறீர்கள், கொஞ்சம் அழுதால் என்ன!

கேள்வி: வகுப்பில் நன்றாகப் பேசுகிறார்கள். வகுப்பு முடிந்ததும் யாரென்றே தெரியாதவர்போல் போய்விடுகிறார்கள். நான் செய்த ஸ்லைடைப் பார்த்து “இது தப்பு” என்று முகத்துக்கு நேரே சொன்னான் ஒருவன்.

தப்பு என்றது ஸ்லைடை, உங்களை இல்லை. இதை நம்ப எனக்கே ஒரு வருடம் ஆனது. நட்பு இங்கே மெதுவாகத்தான் பற்றும், ஈர விறகு மாதிரி. பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புகளுக்குக் கட்டணம் குறைவு. வாரா வாரம் ஒரே நாள், ஒரே நேரம் நடக்கிற ஏதாவது ஒன்றில் சேருங்கள். நான் செவ்வாய்க்கிழமை டேபிள் டென்னிஸ் போனேன். ஆறாவது வாரம்தான் ஒரு பெண் என் பெயரைக் கேட்டாள். இன்றைக்கு என் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருக்கிறது.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போட்டதற்குக் கதவில் சீட்டு ஒட்டிவிட்டார்கள்!

ஒட்டத்தான் செய்வார்கள். ஞாயிறு முழுக்க அமைதி, மற்ற நாளில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. சட்னியைச் சனிக்கிழமையே அரைத்துவிடுங்கள். மளிகையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள், ஞாயிறு கடை இருக்காது.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். மகன் வாரத்துக்கு இரண்டு தடவைதான் போன் எடுக்கிறான். முன்பெல்லாம் தினமும் பேசுவான். பயமாக இருக்கிறது.

அம்மா, சிரித்துப் பேசுகிறான், அங்கே பழகிய நாலு பேரின் பெயர் சொல்கிறான் என்றால் நல்ல சேதிதான். என் முதல் குளிர்காலத்தில் அம்மா தூங்கும்வரை வீடியோவை அணைக்கவே மாட்டேன். குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம் இல்லையா, எனக்கு மாலை ஐந்தாகும்போது அவருக்கு இரவு ஒன்பதரை. இங்கே எல்லோரும் வெளியே கிளம்புகிற நேரத்தில் நான் திருச்சியில் இருந்தேன். பிப்ரவரி வரைக்கும் ஒருவரோடும் பழகவில்லை. ஆனால் குரல் சோர்ந்திருந்தால், எந்நேரமும் தூங்குகிறான் என்றால், விடாமல் கேளுங்கள்.

கேள்வி: ஒரு தேர்வில் 5.0. வீட்டில் சொல்லவில்லை. அப்பா கடன் வாங்கி அனுப்பினார். இரவில் தூக்கமே இல்லை.

தம்பி, இங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. பல படிப்புகளில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்பு தருவார்கள், மூன்றும் போனால் அந்தப் படிப்பையே தொடர முடியாது. அதனால் இரண்டாவது தடவை எழுதுவதற்கு முன்பே துறையின் படிப்பு ஆலோசகரைப் பாருங்கள், மூன்றாவதுவரை காத்திருக்காதீர்கள். தூக்கத்துக்கு, ‘ஷ்டூடியரண்டன்வெர்க்’ என்ற மாணவர் நல அமைப்பின் மனநல ஆலோசனைக்கு நேரம் கேளுங்கள். வெட்கமெல்லாம் வேண்டாம், நானும் போயிருக்கிறேன். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் நள்ளிரவானாலும் அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் அப்பாவிடம் முடியாவிட்டால் அக்காவிடமோ சித்தப்பாவிடமோ இந்த வாரமே சொல்லிவிடுங்கள். மறைக்கிற வேலை இருக்கிறதே, அது படிப்பதைவிடப் பெரிய வேலை.

கேள்வி: கறிவேப்பிலை எங்கே கிடைக்கும்?

இலங்கைத் தமிழர் கடைகளில். போர்க்காலத்தில் வந்தவர்கள் போட்ட கடைகள் இந்தப் பக்கம் நிறைய. பக்கத்து ஹம் நகரில், தொழிற்பேட்டை நடுவே, 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. கோடையில் தேர்த் திருவிழா. பக்தி இல்லாவிட்டாலும் ஒரு தடவை போய்வாருங்கள், சுற்றிலும் தமிழ்ப் பேச்சு கேட்கும்.

கேள்வி: இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனேன். ஹாரன் சத்தம் தாங்கவில்லை, அம்மா வைத்த சாம்பாரே காரமாக இருந்தது. அங்கேயும் ஒட்டவில்லையே?

முதல் வாரம் அப்படித்தான். திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் எதிரே சாலையைக் கடக்க, வண்டி நிற்கும் நிற்கும் என்று பத்து நிமிடம் நின்றேன். பூ விற்கிற பாட்டி ஒருவர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். “எந்த ஊரும்மா நீ?” என்றார். “இதே ஊர்தான் பாட்டி” என்றேன். நம்பவேயில்லை.